இலாபம் ஏன் குறைந்தது? மகனிடம் கேட்கப்பட்ட கேள்வி

வட்டுக்கோட்டையில் புடைவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். வீடு யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். 1990 ஒக்டோபரில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு புத்தளம் போன சிறுவன் அவர். யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து, முதலில் மோட்டார் சைக்கிளில் புடைவை கட்டிக் கொண்டுபோய் விற்றார். இப்போது வாடகைக் கடை. மூத்த மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்துவிட்டான். கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனம் ஆரம்பநிலைப் பகுப்பாய்வாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தது. போனான், எடுபடவில்லை.

"நானா, புத்தகத்தில இருந்து ஒரு கேள்வியும் கேக்கல்லையாம். ஒரு கொம்பனிக்கு விற்பனை கூடியிருக்கு, இலாபம் குறைஞ்சிருக்கு, ஏன் எண்டு கேட்டாங்களாம். இவன் உடனே விளம்பரம் செய்ய வேணும் எண்டு சொல்லிட்டான். என்ட கடைக்குள்ள வளர்ந்த புள்ள நானா!" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவன இனிக் கடையிலயே இருத்தட்டா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் மகனிடம் கேட்கப்பட்ட கேள்வி எப்படிப்பட்டது, அதற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதை விளக்கலாம். நமது வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது கணக்கியலும் முகாமைத்துவமும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைவிட வாப்பாமாருக்கே கூடுதலாகப் பயன்படும்.

இவர்கள் விற்பது என்ன?

ஆலோசனை நிறுவனத்திடம் சரக்கு இல்லை, களஞ்சியம் இல்லை. அடுத்தவருடைய வியாபாரத்தில் உள்ள சிக்கலைப் பார்த்துச் சொல்வதுதான் அதன் வியாபாரம். உலகில் பெயர் பெற்ற மெக்கின்சி நிறுவனத்தை 1926இல் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த பேராசிரியர். பழைய கணக்கை எழுதி மூடுவதற்கு மட்டும் கணக்குப் புத்தகம் அல்ல, நாளை என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் அது உதவும் என்பது அவருடைய எண்ணம். பொஸ்டன் கன்சல்டிங் குழுமம் 1963இலும் பெய்ன் நிறுவனம் 1973இலும் வந்தன.

நமது நாட்டிலும் இத்துறை உண்டு. ஹில்மி காதர் 1997இல் தொடங்கிய எம்.ரி.ஐ. கன்சல்டிங் கொழும்பிலிருந்து வெளிநாடுகளுக்கும் சேவை செய்கிறது. பொஸ்டனைச் சேர்ந்த ஸ்டாக்ஸ் நிறுவனம் கொழும்பில் அலுவலகம் வைத்து இளம் பட்டதாரிகளைப் பகுப்பாய்வாளர்களாகச் சேர்த்தது. 2003இல் தொடங்கப்பட்ட அம்பா ரிசர்ச் பின்னர் மூடிஸ் கைக்குப் போய், 2019இல் அக்யூட்டி என்று பெயர் மாறியது. அதுவும் கொழும்பில் பகுப்பாய்வாளர்களை வைத்து வேலை வாங்கியது. பெரிய கணக்காய்வு நிறுவனங்களிலும் ஆலோசனைப் பிரிவுகள் உண்டு.

பகுப்பாய்வாளர் என்றவுடன் பெரிய முதலாளிகளுக்குப் புத்தி சொல்லும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாகச் சேரும் பிள்ளை செய்வது தகவல் திரட்டுவது, தொலைபேசியில் பத்துப் பேரிடம் விலை விசாரிப்பது, கணினியில் அட்டவணை போட்டு எண்களைச் சரிபார்ப்பது, மேலாளர் வாடிக்கையாளருக்குக் காட்டும் படங்களைத் தயாரிப்பது ஆகியவைதான். கடையில் புதிதாக வந்த பையன் முதலில் துணி மடிக்கப் பழகுவது போல. ஆனால் அந்த அட்டவணையில் ஒரு பூச்சியம் தவறினால் முழு ஆலோசனையும் தவறிவிடும். ஆகவேதான் இவ்வளவு கடுமையாகப் பரீட்சித்து எடுக்கிறார்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் சுயவிபரக் கோவையைப் பார்த்துக் கழிப்பார்கள். பிறகு எண், தர்க்கம் சார்ந்த எழுத்துப் பரீட்சை ஒன்று. அதில் தேறியவர்களுக்கு ஒன்றோ இரண்டோ நேர்முகம். அந்த நேர்முகத்தின் நடுவில் ஒரு வியாபாரக் கதையைச் சொல்லி, "இதற்கு நீர் என்ன சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். நண்பரின் மகன் விழுந்த இடம் அதுதான்.

விற்பனை கூடியும் இலாபம் குறைந்த கதை

அதே கேள்வியை நம்முடைய அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் போட்டவை.

ஒரு புடைவைக் கடை. சென்ற ஆண்டு மாதம் 2000 பில். ஒரு பில் சராசரியாக 1000 ரூபா. விற்பனை 20 இலட்சம். கொள்விலை போக 20 சதவீதம் மிச்சம், அதாவது 4 இலட்சம். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 50 ஆயிரம். கையில் நின்றது ஒன்றரை இலட்சம்.

இந்த ஆண்டு விற்பனை 22 இலட்சம். கையில் நிற்பதோ 90 ஆயிரம்தான். 60 ஆயிரம் எங்கே போனது?

"விளம்பரம் செய்யலாம்" என்பது கேள்வியைக் கேட்காமலேயே சொன்ன பதில். நேர்முகம் செய்பவர் எதிர்பார்ப்பது பதிலை அல்ல, முதலில் கேள்விகளை. இலாபம் என்பது வருமானத்தில் செலவைக் கழித்தது. வருமானம் என்பது வந்த ஆட்களின் எண்ணிக்கையை ஒருவர் வாங்கிய தொகையால் பெருக்கியது. செலவு என்பது சரக்கின் கொள்விலையும் கடையை நடத்தும் செலவும். இப்படிக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் எண் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், கேட்காதவனுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கேட்கும்போது இப்படி வருகிறது என்று வையுங்கள். பில் 2000இலிருந்து 1760ஆகக் குறைந்துள்ளது. ஒரு பில்லின் பெறுமதி 1250 ரூபாவாகக் கூடியுள்ளது. ஆகவே விற்பனை கூடியது வியாபாரம் வளர்ந்ததால் அல்ல, விலை ஏறியதால்; ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். இது முதல் கண்டுபிடிப்பு. 2022ஐக் கண்ட நமக்கு இது புதிதா? அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. அந்த நாட்களில் கல்லாப்பெட்டி நிறைந்தது, ஆனால் அதே காசுக்கு அதே அளவு சரக்கைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

அடுத்து, மிச்சம் 20 சதவீதத்திலிருந்து 17 ஆக இறங்கியுள்ளது. 22 இலட்சத்தில் 17 சதவீதம் 3 இலட்சத்து 74 ஆயிரம். கடைச் செலவு 2 இலட்சத்து 84 ஆயிரமாக ஏறியுள்ளது. கழித்தால் 90 ஆயிரம். கணக்கு ஒத்துவருகிறது.

இங்கேதான் கெட்டிக்காரனும் வழுக்குவான். "மிச்சம் குறைந்தது 26 ஆயிரம்தான், செலவு கூடியது 34 ஆயிரம், ஆகவே செலவுதான் பெரிய குற்றவாளி, ஒரு ஆளை நிறுத்துங்கள்" என்பான். மேலோட்டமாகப் பார்த்தால் சரி. ஆனால் பழைய 20 சதவீதமே நின்றிருந்தால் 22 இலட்சத்துக்கு 4 இலட்சத்து 40 ஆயிரம் கிடைத்திருக்கும். கூடிய செலவையும் கழித்தால் ஒரு இலட்சத்து 56 ஆயிரம் கையில் நின்றிருக்கும்; சென்ற ஆண்டைவிட 6 ஆயிரம் அதிகம். அந்த மூன்று சதவீதத்தில் போனது 66 ஆயிரம். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஆளை நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் சோறு போகும், ஓட்டை அப்படியே இருக்கும்.

அந்த மூன்று சதவீதம் ஏன் இறங்கியது? இது புத்தகத்தில் இல்லை, கடையில் இருக்கிறது. கொள்விலை ஏறியும் பழைய விலைக்கே விற்றோமா? குறைந்த மிச்சமுள்ள சரக்குக் கூடுதலாக ஓடியதா? தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கழிவு கொடுத்தோமா? போகாத சரக்கைப் பெருநாள் முடிந்த பிறகு அடிவிலைக்குத் தள்ளினோமா? 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானபோது மொத்த வியாபாரி ஏற்றிய விலையை நாமே தாங்கிக்கொண்டோமா? பதினைந்து வருடம் கல்லாவில் இருந்தவர் இந்தக் கேள்விகளை மூச்சு விடாமல் கேட்பார். அவருடைய மகன் கேட்கவில்லை. காரணம் மகனிடம் அறிவில்லை என்பதல்ல. வாப்பாவின் கணக்கை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. நம்மில் எத்தனை பேர் பிள்ளைக்குக் கணக்குக் கொப்பியைக் காட்டியிருக்கிறோம்? "நீ படி, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதானே வளர்த்தோம்.

தெரியாததை மதிப்பிடுவது

இன்னொரு வகைக் கேள்வியும் வரும். சரியான எண் யாருக்கும் தெரியாது. நியாயமான எண்ணுக்கு எப்படி வந்து சேர்கிறான் என்று பார்ப்பார்கள். பௌதிகவியல் அறிஞர் என்ரிகோ ஃபெர்மி, சிக்காகோ நகரில் பியானோ சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மாணவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். நமக்குப் பியானோ எதற்கு? வட்டுக்கோட்டையில் ஆண்டு தொடக்கத்தில் பாடசாலைச் சீருடைத் துணி எவ்வளவு விற்கலாம் என்று எடுத்துக்கொள்வோம்.

ஒரு பட்டதாரி இப்படிச் சொல்வான்: "சுற்றுவட்டாரத்தில் 3000 குடும்பம் என்று எடுப்போம். குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு பாடசாலைப் பிள்ளை. ஒரு பிள்ளைக்கு இரண்டு சோடி. ஆகவே 6000 சோடித் துணி." அழகான கணக்கு. ஆனால் பிழை. 1993 தொடக்கம் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. புடைவைக் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? அரசு தருவது ஒரு சோடிக்குச் சரி என்றும், பெற்றோரில் பாதிப் பேர் இரண்டாவது சோடி வாங்குவார்கள் என்றும் வைத்தால், விற்பது 1500 சோடிதான். நான்கு மடங்கு வித்தியாசம். அதிலும் ஒரு பகுதியினர் யாழ்ப்பாண நகரத்துக்கும் சங்கானைக்கும் போய் வாங்குவார்கள். மூன்றில் ஒருவர்தான் ஊரில் வாங்குகிறார் என்றால் 500 சோடி. சோடி 2000 ரூபா என்றால் 10 இலட்சம் ரூபா வியாபாரம். அதே கணக்கில், தைக்க வேண்டிய சோடிகளோ 4500. ஆகவே துணி விற்பதைவிடத் தையல் மெஷினில் காசு அதிகமோ என்று யோசிக்கத் தோன்றும்.

இன்னும் ஒன்று. 2016 தொடக்கம் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பெற்றோர் அதைக் கொண்டு கடைக்கு வந்தார்கள். பின்னர் மீண்டும் துணியாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த இரண்டு மாற்றத்தின்போதும் புடைவைக் கடைகளின் விற்பனை ஏறியதற்கும் இறங்கியதற்கும் கடைக்காரரின் திறமையோ குறையோ காரணமல்ல. நேர்முகத்தில் ஒரு பிள்ளை இதைச் சொன்னால், எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இத்தகைய கேள்வியையும் வெறும் விடுகதையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு விமானத்துக்குள் எத்தனை பந்து கொள்ளும் என்பது போன்ற கேள்விகள் ஒருகாலத்தில் பிரபலம். அவை நேரத்தை வீணாக்கின என்று கூகுள் நிறுவனத்தின் ஆளணிப் பொறுப்பாளராக இருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார்.

தமிழ்ப் பிள்ளை தடுமாறும் இடங்கள்

முதலாவது, நாம் இலட்சத்திலும் கோடியிலும் நினைக்கிறோம். அங்கே மில்லியனிலும் பில்லியனிலும் பேசுகிறார்கள். பத்து இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் வாய் தவறும். நண்பரின் மகனும் இரண்டு கோடியை இரண்டு மில்லியன் என்று சொல்லித் திருத்தியிருக்கிறான். வீட்டில் ஒரு மாதம் கடைக் கணக்கை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் இது போய்விடும்.

ஆங்கிலம் அடுத்தது. இலக்கணப் பிழையால் தோற்றவர்களைவிட, பிழை வருமோ என்று வாய் மூடியிருந்து தோற்றவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். இந்தப் பரீட்சையில் மௌனம்தான் பெரிய குறை, ஏனென்றால் யோசிக்கும் விதத்துக்கே புள்ளி. "ஒரு நிமிடம் தாருங்கள், எழுதிப் பார்க்கிறேன்" என்று கேட்கலாம். யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். எழுதும்போது என்ன எழுதுகிறான் என்று சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். எந்த எண் தெரிந்தது, எந்த எண் ஊகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றதும் நம் பிள்ளைகள் பெயர், ஊர், பாடசாலை, உயர்தரப் பெறுபேறு என்று ஒப்புவிக்கிறார்கள். அதெல்லாம் எதிரே உள்ள தாளில் இருக்கிறது. வாப்பா கடை வைத்திருப்பதைச் சொல்லப் பலருக்கு வெட்கம். பல்கலைக்கழக விடுமுறையில் கடையில் நின்று இருப்பு எண்ணியதை, கடன் கொப்பியைப் பார்த்து ஆட்களிடம் போய்க் காசு கேட்டதைச் சொன்னால், மாணவர் சங்கத்தில் உபசெயலாளராக இருந்ததைவிட அது கனமாக இருக்கும். ஒரு சிறிய விஷயம்: நேர்முகத்தை வெள்ளி நண்பகலுக்குப் போட்டிருந்தால், ஜும்ஆ நேரத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியே மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பி மாற்றம் கேட்கலாம். அன்று காலையில் கேட்பதுதான் பிழை.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் போய் இறங்கி, முகம் கழுவி, அப்படியே நேர்முகத்துக்குப் போவதையும் விட்டுவிட வேண்டும். கொழும்புப் பிள்ளை தூங்கி எழுந்து வருகிறான். ஒருநாள் முன்னதாகப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வட்டுக்கோட்டைக்கு இது புதிதல்ல

அறிவை நம்பி இந்த ஊர் வெளியே போனது இன்று நேற்றல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இங்கே தொடங்கிய செமினரியில் ஆங்கிலத்தோடு கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். டானியல் பூவர் முதல் அதிபர். அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணித நூலே எழுதினார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் கடல் கடந்தும் போனார்கள்.

1855இல் பொஸ்டனிலிருந்து மிஷன் தலைமையகத்தின் தூதுக்குழு ஒன்று வந்து கணக்கும் போக்கும் பார்த்தது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் உத்தியோகம் தேடிப் போகிறார்கள், நாம் நினைத்தது நடக்கவில்லை என்று கண்டு செமினரியை மூடினார்கள். இன்றைய சொல்லில் அதுவும் வெளியார் செய்த ஆலோசனை அறிக்கைதான். ஊர் மக்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் எதற்குத் தேவைப்பட்டது என்பதை அந்த அறிக்கை எடைபோட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆலோசகர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

நாம் ஆள் எடுக்கும்போது

கடைக்கு ஒரு பையனை எடுக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "யாருடைய மகன், எந்த ஊர், முன்பு எங்கே வேலை?" முகத்தைப் பார்த்து முடிவு. வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகள் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 1998இல் வெளியிட்டார்கள். வேலையின் ஒரு துண்டைச் செய்துகாட்டச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே ஒழுங்கில் கேட்பதும், வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசிப் பார்ப்பதைவிட நல்ல ஆளைக் காட்டித்தரும் என்று கண்டார்கள். 2022இல் சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோதும் ஒழுங்கான நேர்முகம் முன்னணியிலேயே நின்றது.

நமக்கு இது கடினமல்ல. விற்பனைக்கு வரும் மூவருக்கும் ஒரே சேலையைக் கொடுத்து, "இதை எனக்கு விற்றுக் காட்டு" என்று சொல்லுங்கள். ஒரே பில்லைக் கொடுத்துக் கழிவு போட்டு மிச்சக் காசு சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் பழைய பில்லோடு வந்து சண்டை பிடித்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே புள்ளி எழுதிவிடுங்கள். இரவில் நினைவில் இருந்து போடும் புள்ளியில் முகம்தான் நிற்கும், வேலை நிற்காது.

நண்பரிடம் கடைசியில் நான் சொன்னது ஒன்றுதான். கடையில் இருத்துவதா, கொழும்புக்கு அனுப்புவதா என்பதை இப்போதே தீர்க்க வேண்டாம். முதலில் மூன்று வருடக் கணக்குக் கொப்பியை அவனிடம் கொடுங்கள் என்றேன். ஸகாத்துக்காக வருடம் ஒருமுறை இருப்பு எண்ணி எழுதிய தாள்களும் அவரிடம் பத்திரமாக இருந்தன. கொடுப்பதற்கு அவர் கொஞ்சம் தயங்கினார். எந்தச் சொந்தக்காரர் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார். "நானா, சிறுபிள்ளை உடுப்பில நமக்கு ஒண்டும் நிக்கல்ல எண்டு புள்ள அட்டவண போட்டுக் காட்டுறான். நான் அதத்தான் முன்னுக்குத் தொங்கப் போட்டிருக்கன்" என்றார். அடுத்த மாதம் இன்னொரு நிறுவனத்தில் மகனுக்கு நேர்முகம் இருக்கிறதாம். இந்த முறை முதல் நாளே போய்த் தெமட்டகொடையில் மாமி வீட்டில் தங்குகிறான்.